எதுக்கு ஓடுது அந்தப் புள்ள?

“செலெக்சன் எப்பங்க வருது?”

மாப்பிள்ளையின் அம்மா இதைக் கேட்டபோது என் அம்மா பஜ்ஜித் தட்டை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். தட்டு நீட்டியது நீட்டியபடி இருந்தது. 

எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆலங்குடிப் பக்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள். நான் காபி கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவோரம் நின்றேன். கட்டியிருந்த பட்டுப்புடவை இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கேட்டது போலீஸ் செலக்‌ஷனைப் பற்றி. பெண் போலீஸ் வேலைக்குத் தயாராகிறாள், தினமும் விடியக்காலையில் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர்கள் கார் பிடித்து வந்திருந்தார்கள். நானோ அந்த வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. போடும் எண்ணமும் கிடையாது. இது எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

“வர்ற மாசங்க” என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு நேராகப் பூ வைப்பதற்குப் போயிருக்கும். பிறகு அந்தப் பொய்க்குத் தகுந்தபடி நான் வாழ வேண்டும். “அப்படி எதுவும் இல்லீங்க” என்றால் கார் வந்த வழியே திரும்பிவிடும். அதோடு என் காலை ஓட்டமும் போய்விடும். காரணமில்லாமல் ஒரு பெண் ரோட்டில் ஓடுவதை எங்கள் ஊர் ஒப்புக்கொள்ளாது. போலீஸ் என்ற அந்த ஒற்றைக் காரணத்தில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

அம்மா என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால், இந்தப் பொய் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். எனக்கு நேராகப் பேச வராது என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இதற்குள் பழகியிருக்கும்.

சக்கரம் வைத்த நாற்காலி

பள்ளிக்கூடத்தில் நான் எண்ணூறு மீட்டர் ஓடுவேன். கந்தர்வக்கோட்டையில் படித்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக்காடுகளுக்கு நடுவில். பெரிய ஓட்டக்காரி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். மாவட்டப் போட்டி வரை போவேன், அங்கே நான்காவதாக வந்துவிட்டுத் திரும்புவேன். ஆனாலும் ஓடி முடித்ததும் வாய்க்குள் ஒரு இரும்புச் சுவை வரும் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிளஸ் ஒன்னில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. அதில்தான் போவேன், வருவேன். மத்தியானம் ரிங் பால், சாயங்காலம் கிரவுண்ட். உடம்பை அசைக்க வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அசையாமல் இருக்கத்தான் சொன்னார்கள். “ஏ ரேவதி, ஒரு எடத்துல உக்காரு” என்று கணக்கு டீச்சர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. பிளஸ் டூ வந்ததும் பி.டி. பீரியடையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பிறகு காலேஜ். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். சைக்கிள் அப்பாவுக்குப் போனது, அவர் அதில் முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றினார். காலேஜ் முடித்த கையோடு புதுக்கோட்டையில், திருக்கோகர்ணம் பக்கம், ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை கிடைத்தது. சர்வீஸுக்கு வரும் வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு போடுவேன். “என்ன கம்ப்ளைண்ட் சார், பிரேக் பிடிக்கலையா, ஹாரன் அடிக்கலையா” என்று கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டியது.

அங்கே எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது எனக்கு என்ன பெருமை தெரியுமா. மேசைக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நாலு எட்டு தூரம். காலால் ஒரு உந்து உந்தினால் நாற்காலியே என்னைப் பிரிண்டருக்குக் கொண்டுபோய்விடும். இன்னொரு உந்து, திரும்பி வந்துவிடலாம். ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காமலே வேலையை முடிக்கலாம்.

உதிரிபாகப் பிரிவில் பானு அக்கா இருந்தார். அறந்தாங்கிக்காரர், வாய் சும்மா இருக்காது. நான் உருண்டு உருண்டு போவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார், “ஏண்டி, எந்திரிச்சு நடந்தா சம்பளத்துல புடிச்சுக்கிருவாங்களா?”

நான் சிரித்துவிட்டு மறுபடி உருண்டேன்.

இதில் ஸ்வீட் வேறு. புது வண்டி எடுக்க வருபவர்கள் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கிவிட்டு, ஸ்டாஃப் அத்தனை பேருக்கும் பெட்டியை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். அவர்கள் முதல் வண்டி எடுக்கிற சந்தோஷத்துக்கு நான் லட்டு தின்றேன், மைசூர்பாகு தின்றேன். முகூர்த்த மாதங்களில் மத்தியானச் சோறே தேவைப்படாது.

தையல்காரர் என் சுடிதார்களைப் பக்கவாட்டில் ஒரு முறை பிரித்துவிட்டார். அடுத்த முறை, “இதுக்கு மேல துணி இல்லம்மா” என்றார்.

எத்தனாவது மாசம்?

வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்புக்கு வர நேரமாகிவிட்டது. நான் வளைவில் திரும்பும்போது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஓட்டம் ஓடினால் பிடித்துவிடலாம். எண்ணூறு மீட்டர் ஓடியவளுக்கு அது ஒரு தூரமா?

ஓடினேன். பாதி தூரத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன், கண்ணில் பூச்சி பறந்தது. நல்ல கண்டக்டர், விசில் அடித்து வண்டியை நிறுத்தி வைத்தார். படியில் நின்ற இரண்டு பெண்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை ஏற்றினார்கள். உள்ளே ஒரு அம்மா சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

“உக்காருத்தா, உக்காரு. இப்படி ஓடலாமா? எத்தனாவது மாசம்?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் என்னைப் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமே ஆகவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது இன்னும் பெரிய வம்பாகிவிடும் அல்லவா? பேசாமல் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை அழுகையாக வந்தது. அவர்கள் பேரில் கோபமில்லை. என் கால் எனக்கே அந்நியமாகிப்போனதே என்றுதான்.

பானு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, எப்ப ஓடப் போற?” என்றார்.

இப்போது அதே ஷோரூமில் நான் கொஞ்சம் மூத்தவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, பள்ளிக்கூடத்தில் என்ன விளையாடினாய் என்பதுதான். கோ-கோ என்பார்கள், கபடி என்பார்கள், முகம் அப்படியே மலர்ந்துவிடும். “இப்ப?” என்று கேட்டால் சிரிப்பார்கள். படித்த காலத்தில் மணி அடித்து நம்மைக் கிரவுண்டுக்கு அனுப்ப ஆள் இருந்தது. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அந்த மணியை யாரும் அடிப்பதில்லை. நாமும் அது அடிக்கவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

ஏறிக்க ஆத்தா

பஸ் சம்பவத்துக்கு அடுத்த வாரம் ஓட ஆரம்பித்தேன். விடிந்தும் விடியாத நேரம். சுடிதார், குறுக்கே இழுத்துக் கட்டிய துப்பட்டா, ஒரு கேன்வாஸ் ஷூ. எங்கள் தெருவிலிருந்து முந்திரிக்காட்டு ரோடு, குளக்கரை, திரும்பி வீடு. முந்திரி பூத்திருந்த சமயம், அந்த வாசனை ரோடு முழுக்க நின்றது. முதல் நாள் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.

இரண்டாம் நாள் பின்னால் ஒரு வண்டிச் சத்தம். பால் சொசைட்டி முத்தையா மாமா, இரண்டு பக்கமும் கேன் கட்டிய டிவிஎஸ்ஸில் வந்தார்.

“என்னத்தா, யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?”

“அதெல்லாம் இல்ல மாமா. சும்மாதான்.”

“சும்மாவா? பஸ்ஸ விட்டுட்டியா? ஏறிக்க ஆத்தா, எறக்கி விடுறேன்.”

“இல்ல மாமா, நான் ஓடுறேன்.”

“நான் வண்டில போவேன், நீ ஓடி வருவியா? நல்லாவா இருக்கும்? கேனுக்கு முன்னாடி எடம் இருக்கு, ஏறு.”

எங்கள் பக்கத்தில் நடந்துபோகிறவரை வண்டிக்காரர் தாண்டிப் போகவே கூடாது. தாண்டிப் போனால் அது பகை. வண்டியில் இடமில்லாவிட்டாலும் நிறுத்தி, “எடமில்லையே” என்று வருத்தப்பட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நடப்பவருக்கே இப்படி என்றால் ஓடுபவளை எப்படி விடுவார்கள்? டிராக்டர் நின்றது. மினி பஸ் நின்றது. ஒரு நாள் புருஷன் பெண்டாட்டி குழந்தை மூவரும் வந்த பைக் நின்று, அந்தப் பெண் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு எனக்கு இடம் ஒதுக்கினாள்.

மறுத்து மறுத்துப் பார்த்து, ஒரு நாள் முத்தையா மாமாவின் வண்டியில் ஏறியே விட்டேன். அவர் என்னை மெயின் ரோடு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுத் திருப்தியாகப் போனார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. திரும்பி வர ஓட ஆரம்பித்தேன். எதிரில் கீரைக்கட்டு ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு எனக்கு உடற்பயிற்சி என்பது வண்டியில் ஏறி இறங்கியது மட்டும்தான்.

இதற்கிடையில் ஊரில் கேள்வி கிளம்பிவிட்டது. முத்தையா மாமா எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டார். அப்போது தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், வாசலில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள்.

“தங்கச்சி, தப்பா நெனைக்காத. பாப்பா காலங்காத்தால எதுக்கு ஓடுது? வீட்டுல எதுவும் சண்டையா?”

குடங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஓடுவதற்கு எங்கள் ஊரில் உள்ள காரணங்கள் சொற்பம். மாடு அவிழ்த்துக்கொண்டு போனால் ஓடலாம். பஸ்ஸுக்கு ஓடலாம். டாக்டர் சுகர் என்று சொன்னால் நடக்கலாம். அம்மா நின்று யோசித்திருக்கிறாள். சும்மா ஓடுகிறாள் என்றால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சுகர் என்றால் கல்யாணம் நடக்காது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“போலீசு செலெக்சனுக்கு ஓடுறாண்ணே” என்றாள் அம்மா.

சுண்ணாம்புக் கோடு

சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

“என்னம்மா இது?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

“என்னைய என்னடி பண்ணச் சொல்ற? அத்தன பேரு முன்னாடி கேக்குறாரு. வாயில வந்தது அதுதான்.”

“நான் போலீசுக்கு எழுதவே போறதில்ல.”

“எழுதாத. யாரு எழுதச் சொன்னா? ஓடணும்னியே, ஓடு. இனி எவனும் வண்டிய நிறுத்த மாட்டான்.”

அது உண்மையாகிவிட்டது. மறுநாள் முதல் ரோடு எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. மினி பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கட்டைவிரலைக் காட்டினார். நான் முதன்முறையாக நிற்காமல் குளக்கரை வரை ஓடினேன்.

ஆனால் அன்பு என்பது லேசில் விடுகிற சமாச்சாரமா? முத்தையா மாமா முந்திரிக்காட்டு ரோட்டை அளந்து, நானூறு மீட்டருக்கு இந்தக் கடைசியிலும் அந்தக் கடைசியிலும் சுண்ணாம்பால் கோடு போட்டார். பால் ஊற்றிவிட்டு வந்து, கோட்டில் வண்டியை நிறுத்தி, போனில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “நேத்தைக்கு இன்னைக்கு நேரம் கொறைஞ்சிருக்குத்தா, ஆனா கைய வீசணும்” என்பார். அவர் பெண்டாட்டி தினமும் அவித்த முட்டை கொடுத்தனுப்பினார். செலக்‌ஷனில் குண்டு எறிதலும் உண்டு என்று மாமா எங்கேயோ தேடி ஒரு உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார். இப்போதும் அது கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் குள்ளம். போலீஸுக்கு வேண்டிய உயரத்துக்கு எனக்கு நாலு விரல் குறையும். வாசலில் நின்று கேட்ட ஏழெட்டுப் பேரும் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவர்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அரசாங்க வேலை என்ற பேச்சு வந்ததும் நான் அவர்கள் கண்ணுக்கு வளர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

அம்மாவும் மாறினாள். சந்தைக்குப் போனால், “போலீசம்மா வருது, நல்ல கத்திரிக்காயா போடு” என்று கேலி செய்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தியிடம் போனில் பேசும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்தது. ஒரு நாள் மெதுவாக என்னிடம், “எழுதித்தான் பாரேன். ஒருவேளை அளக்குறப்ப முடிய தூக்கிக் கட்டிக்கிட்டா...” என்றாள். நான் முறைத்தேன். அவள் உடனே அரிசி களைவதில் மும்முரமாகிவிட்டாள்.

அந்த மாதங்களில் என் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது. ஷோரூமில் பிரிண்டருக்கு எழுந்து போனேன். சுடிதாரைத் தையல்காரர் பிடித்துத் தைத்தார். லட்டை மட்டும் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஒரு நாள் நிஜமாகவே வயிற்றுப் பிள்ளையோடு வந்த பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, புதுக்கோட்டை வரை நின்றுகொண்டே போனேன். கால் கடுக்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இந்த நிலையில்தான் சித்தி ஆலங்குடிப் பக்கத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். நல்ல குடும்பம், ஒரே பையன், திருச்சியில் கம்பெனி வேலை. அவர்கள் வீட்டில் அரசாங்க வேலைக்காரர் ஒருவரும் இல்லை, வருகிற மருமகளாவது அப்படி இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். போலீஸ் என்றதும் ஜாதகத்தைக்கூட அவசரமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“நீ சித்திகிட்ட உண்மையைச் சொல்லிரும்மா” என்றேன்.

“வந்து பாக்கட்டும். பாத்தா ஒன்னையப் புடிச்சுப்போகும். அப்பறம் போலீசாவது ஒண்ணாவது” என்றாள் அம்மா. அவள் கணக்கு அது.  அப்பா தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

தட்டு

அப்படித்தான் அந்த மத்தியானம் வந்தது. சித்தியும் வந்திருந்தாள். முத்தையா மாமாவை ஊர்ப் பெரியவர் முறைக்கு அம்மாவே கூப்பிட்டிருந்தாள். மாமா உட்கார்ந்த நேரத்திலிருந்து என் ஓட்டத்தின் பெருமையைத்தான் பேசினார். நான் எத்தனை நிமிஷத்தில் ஓடுகிறேன், ஆரம்பத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்றெல்லாம். மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டி ரசித்தார். மாப்பிள்ளை ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மோசமான சிரிப்பில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவும் நல்ல மனுஷி. பஜ்ஜியைப் புகழ்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். “புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டார். நான் கதவோரம் திரும்பிப் போன அப்புறம்தான் அந்தக் கேள்வி.

“செலெக்சன் எப்பங்க வருது?”

அம்மா தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு அந்தச் சம்பந்தம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். முந்தின நாளிலிருந்து வீட்டைக் கழுவிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். “வர்ற மாசங்க” என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். 

அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

“செலெக்சன்லாம் இல்லீங்க. அவ போலீசுக்கு எழுதல. ஊரு கேட்டுச்சுன்னு நாந்தான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அது இவ்ளோ தூரம் வந்துருச்சு. மன்னிச்சுக்கங்க.”

முத்தையா மாமா கையிலிருந்த பஜ்ஜியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்தார். சித்திக்குத் தும்மல் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார், “அப்ப எதுக்குங்க ஓடுது அந்தப் புள்ள?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? எடை, மூச்சு, பஸ், இரும்புச் சுவை, இதில் எதைச் சொன்னாலும் அந்தக் கூடத்தில் அது பதிலாக நிற்காது. நான் வாயைத் திறக்குமுன் அம்மாவே சொன்னாள்.

“வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து எம்புள்ள வீட்டுல பேசவே மாட்டாளுங்க. சாயங்காலம் வருவா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு படுத்துருவா. கேட்டா ஒண்ணுமில்லம்பா. மூணு வருசம் அப்படித்தான் கெடந்தா. இந்த ஓட்டம் ஓட ஆரம்பிச்ச பெறகு காலையில வேர்த்து ஊத்திக்கிட்டு வந்து அடுப்படில நின்னு எங்கிட்ட வம்பளக்குறா. சிரிக்கிறா. அதுக்குத்தாங்க ஓடுறா.”

நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் பேசாமல் இருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. அந்த மூன்று வருடத்தைப் பற்றி நினைத்தால் எனக்குச் சுடிதாரும் பஸ் படியும்தான் ஞாபகம் வரும். அவள் அடுப்படியிலிருந்து தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“கலந்து பேசிட்டுச் சொல்றோங்க” என்று அவர்கள் எழுந்தார்கள். மரியாதையாகத்தான் போனார்கள். கார் முந்திரிக்காட்டு வளைவில் மறையும்வரை அம்மா வாசலில் நின்றாள். முத்தையா மாமா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

“இத்தன நாளா வாட்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே தங்கச்சி” என்றார்.

“சும்மாவா உக்காந்திருந்தீங்க? அவ வேகமா ஓடலையா?” என்றாள் அம்மா.

அவர் யோசித்துப் பார்த்து, “ஓடுனா, ஓடுனா” என்று ஒப்புக்கொண்டு மிச்சப் பஜ்ஜியைச் சாப்பிட்டார்.

சாயங்காலம் புடவையை மாற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அம்மா குழாயடியில் உட்கார்ந்து காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழுவியதை வாங்கிக் கவிழ்த்தேன்.

“போன் வராதும்மா” என்றேன்.

“தெரியும்.”

“ஒனக்கு வருத்தமா இருக்கா?”

“இல்லாம இருக்குமா? நல்ல எடம்டி. அந்தப் பொம்பளையும் நல்ல பொம்பள.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கடைசி டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

“இத நெனச்சுக்கிட்டு நாளைக்கு நீ ஓடாம இருந்துறாத. அப்பறம் எனக்கு ரெண்டும் போயிரும்.”